அரை எச்.பி. நரசிம்மம்

கையில் கட்டுப் போட்டிருக்கிறதே, இதையா பார்க்கிறீர்கள்? பஸ்ஸில் இருக்கிற இடமே கொஞ்சம், தள்ளி உட்கார வேண்டாம் சார். நாய் கடிக்கவில்லை. நரசிம்மம் கடித்தது.

சிரியுங்கள், பரவாயில்லை. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா சிரிக்கக்கூட இல்லை. கூத்துக்கு மறுநாள் காலையில் போய் நின்றேன். ஓ.பி. சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், "என்ன கடிச்சது?" என்றார். "நரசிம்மம்" என்றேன். "அது யார் வீட்டு நாய்? தடுப்பூசி போட்டதா, போடாததா?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாய் இல்லம்மா. பெருமாள். நாலாவது அவதாரம்" என்றேன். அப்போதுதான் தலை நிமிர்ந்தார். அப்புறம் ஏதோ எழுதினார். ஊசியைப் போட்டு, கட்டைக் கட்டி அனுப்பிவிட்டார். வெளியே வேப்பமரத்தடியில் வந்து சீட்டைப் பிரித்துப் படிக்கிறேன்: 'மனிதக் கடி'.

அந்த இரண்டு வார்த்தையில் எங்கள் ஊரே இரண்டாகப் போயிற்று சார்.

என் பெயர் தேசிங்கு. ஊர் எட்டித்தாங்கல். செய்யாற்றில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் பிரித்து, புதுசாய்ச் செப்புக்கம்பிக் காயில் கட்டித் தருவது தொழில். ஆனால் மோட்டார்க் கடை தேசிங்கு என்று கேட்டால் எங்கள் ஊரில் யோசிப்பார்கள். இரணியன் வீடு எது என்று கேளுங்கள், மாடுகூட வழி காட்டும். பத்தொன்பது வருஷமாக நான்தான் இரணியன். பேச்சைக் கேட்டுவிட்டு வாத்தியாரா என்று கேட்டீர்களே, அதெல்லாம் இல்லை. பத்தொன்பது வருஷம் ராஜா வேஷம் கட்டிப் பேசினால் நாக்கு அப்படியே நின்றுவிடும். வீட்டில் குழம்பு கேட்டால்கூட அதிகாரமாகத்தான் வரும்.

எங்கள் ஊர்க் கூத்து மற்ற ஊர் மாதிரி ராத்திரி ஆரம்பித்து விடிய விடிய நடப்பதில்லை. வைகாசியில், நரசிம்ம ஜெயந்தியன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ஆரம்பிக்கும். பொழுது சாய்கிற நேரத்துக்குச் சரியாகத் தூண் பிளக்க வேண்டும். இரணியன் வாங்கின வரம் அப்படி. பகலிலும் சாவு கூடாது, இரவிலும் கூடாது. வீட்டுக்குள்ளும் கூடாது, வெளியிலும் கூடாது. மனிதனும் கொல்லக்கூடாது, மிருகமும் கொல்லக்கூடாது. அதனால் பெருமாள் கோயில் வாசற்படியில், விளக்கு வைக்கிற நேரத்தில், என் கதை முடியும். பாட்டு நீண்டுவிட்டால் நாங்களே பிரகலாதனை அவசரப்படுத்துவோம். பிரகலாதன் வேஷம் கட்டுகிறவர் தையல்காரர் முனிரத்தினம். வயது நாற்பத்தேழு, சர்க்கரை வியாதி வேறு. "அப்பா, அப்பா" என்று அவர் என் காலைப் பிடித்துக் கெஞ்சும்போது எனக்கே கூச்சமாக இருக்கும். என்ன செய்ய, குரல் நல்ல குரல்.

நரசிம்ம முகம் கோயிலிலேயே இருக்கிறது. மரத்தில் செய்தது. தினமும் பூஜை உண்டு. அதற்குக் கீழ்த்தாடை கிடையாது. கர்ஜிக்க வாய் வேண்டுமே. அதைக் கட்டுகிறவன் மூன்று நாள் விரதம் இருக்க வேண்டும். அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. மூங்கிலும் சாக்கும் காகிதமும் ஒட்டின தூணுக்குள் மத்தியானத்திலிருந்தே உட்கார்ந்திருக்க வேண்டும். முகத்தைக் கட்டியதும் சாமி இறங்கிவிடும். அது நடிப்பு இல்லை. இடுப்பில் வடக்கயிறு கட்டி நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் நிஜமாகவே இரணியனைக் கிழித்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை.

பத்தொன்பது வருஷமும் அந்த முகத்தைக் கட்டுகிறவன் கோதண்டம். என் தங்கை கனகவல்லியின் புருஷன். எனக்கு மச்சான்.

நான் மோட்டார்க்காரன் சார். ஆளைப் பார்த்ததும் எத்தனை எச்.பி. என்று சொல்லிவிடுவேன். நான் ஏழரை. நீங்கள் ஒரு ரெண்டு, ரெண்டரை இருப்பீர்கள், தப்பாக நினைக்கக்கூடாது. கோதண்டம் அரை. கிச்சனில் சட்னி அரைக்கலாம், கிணற்றில் இறக்க முடியாது. கொல்கிற கட்டத்தில் அவன் என்னைத் தூக்கி மடியில் போட வேண்டும். அவனா தூக்குவான்? நானே போய்ப் பதமாகச் சாய்ந்துகொள்வேன். முழு பாரத்தையும் போடாமல் ஒரு முழங்காலைக் கீழே ஊன்றிக்கொள்வேன். பார்க்கிற ஜனம் நரசிம்மம் இரணியனைத் தூக்குகிறது என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பத்தொன்பது வருஷமாக நரசிம்மத்தைத் தாங்கியது இந்த முழங்கால்தான். நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. கனகவல்லியிடம் ஒரு தடவை சொன்னேன். கடையில் வேலை செய்கிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன். மற்றபடி யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருஷம் ஒரு விசேஷம். கோதண்டத்தின் பெண் நிவேதாவுக்கு வந்தவாசியில் மாப்பிள்ளை அமைந்தது. நான் பார்த்துக் கொடுத்த இடம். ஆனியில் கல்யாணம். சம்பந்தி வீட்டாரைக் கூத்துக்கு அழைத்து, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம்.

தூணைத் தட்டுகிற கட்டத்தில் இரணியன் கொஞ்சம் சொந்தச் சரக்கு போடலாம். அது வழக்கம்தான். ஜனம் அதற்குத்தான் காத்திருக்கும். நான் கதாயுதத்தைத் தோளில் வைத்துக்கொண்டு தூணைச் சுற்றி வந்தேன். "அடே பிரகலாதா! உன் அரி இந்தத் தூணிலா இருக்கிறான்? இந்தத் தூணில் இருப்பவன் யார் என்று எனக்குத் தெரியாதா? வீட்டு மோட்டார் ஓடாவிட்டால் இவனுக்கு மச்சான் வர வேண்டும். கூரை ஒழுகினால் மச்சான் வர வேண்டும். பெற்ற பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கக்கூட மச்சான் வர வேண்டும். இவனா வந்து உன்னைக் காக்கப்போகிறான்?"

ஊரே சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பா தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கே பெருமையாக இருந்தது. நிவேதா மட்டும் எழுந்து போய்விட்டாள். வெயில் இல்லையா, தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள்.

வழக்கமாக அந்த நேரத்தில் தூணுக்குள்ளிருந்து ஒரு சின்ன உறுமல் வரும். தயாராக இருக்கிறேன், தட்டலாம் என்பதற்கு எங்களுக்குள் அடையாளம். அன்றைக்கு வரவில்லை. பட்டினியில் தூங்கிவிட்டானோ என்றுகூட நினைத்தேன். பொழுது போய்க்கொண்டிருந்தது. ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

வெடித்தது சார். எப்போதும் காகிதத்தைக் கையால் கிழித்துக்கொண்டு வருவான். அன்றைக்கு மூங்கில் முறிந்தது. கயிற்றைப் பிடித்த நாலு பேரும் மண்ணில் இழுபட்டார்கள். நான் பதமாகச் சாய்வதற்கு முழங்காலை மடக்குகிறேன், அதற்குள் என்னைத் தூக்கியாகிவிட்டது. ஏழரை எச்.பி.யை! வாசற்படியில் மடியில் கிடக்கிறேன், ஊன்ற முழங்காலுக்கு இடமே இல்லை. நகம் தகரம், அது வலிக்காது. அப்புறம்தான் புஜத்தில் பல் இறங்கியது.

சரி. மறுநாள் சீட்டைப் படித்தேன் என்றேன் இல்லையா, அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. மனிதக் கடி! அப்படியானால் சாமி வரவே இல்லை. சாமி பேரைச் சொல்லிக் கோதண்டம் என்னைக் கடித்திருக்கிறான். சாமி கடித்தால் பிரசாதம். மச்சான் கடித்தால் அவமானம். விட முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் பஞ்சாயத்து வைத்தேன். தர்மகர்த்தா சம்பத்து நடுவில். பட்டாச்சாரியார் தூணோரம். அவர் சின்ன வயசுக்காரர், ஆனால் சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்தவர். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் கோதண்டமும் கனகவல்லியும். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சீட்டை வாசித்தேன். "சாமி வந்திருந்தால் எனக்கு வழக்கே இல்லை. வரவில்லை என்பதுதான் என் வழக்கு. அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது" என்றேன்.

"கவர்மெண்டுக்குச் சாமி தெரியுமா?" என்றாள் கனகவல்லி.

அடுத்த ஆயுதத்தை எடுத்தேன். கட்டை அவிழ்த்துக் காட்டினேன். கோதண்டத்துக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் கிடையாது. அடிபம்பு கைப்பிடி தெறித்துப் போன பல். என் புஜத்தில் வரிசையாக ஐந்து பல் பதிந்திருக்கிறது, நடுவில் ஒன்று காலி. "நல்லாப் பாருங்கள். நரசிம்ம மூர்த்திக்குப் பொக்கையா?" என்றேன். மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கனகவல்லி எழுந்து நின்றாள். "ஏண்ணா, பெருமாள் மீனா வந்தாரே, அப்ப நடக்கக் கால் இருந்துச்சா? ஆமையா வந்தாரே, ஓடினாரா? ராமரா வந்து பொண்டாட்டியக் காணோம்னு மரத்தைக் கேட்டு, செடியைக் கேட்டு அழுதாரே, எல்லாம் தெரிஞ்ச சாமிக்கு அவ இருக்கிற எடம் மட்டும் தெரியலையா? எறங்கி வர்றவரு எந்த ஒடம்புல எறங்குறாரோ, அந்த ஒடம்போட கொறையையும் சேர்த்துத்தான் ஏத்துக்குவாரு. எங்க வீட்டுக்காரருக்குப் பல் இல்ல. அதுக்குச் சாமி என்ன, பல்செட்டு கட்டிக்கிட்டா வரும்?"

எட்டாவது வரைக்கும்தான் படித்தவள் சார். அன்றைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

நான் விட்டேனா? "அப்படியே வைத்துக்கொள்வோம். ஹைடென்ஷன் லைனை இழுத்து அரை எச்.பி. மோட்டாரில் கொடுத்தால் என்ன ஆகும்? காயில் கருகிவிடும். அத்தனை பெரிய சாமி இத்தனூண்டு உடம்பில் இறங்கினால் இவன் கருகியிருக்க வேண்டாமா? மறுநாள் காலையில் எட்டு இட்லி தின்றிருக்கிறான்!"

"மூணு நாள் விரதம் விட்டா பசிக்காதா? அதையும் எண்ணுனியாண்ணா?"

பட்டாச்சாரியார் தொண்டையைக் கனைத்தார். "தேசிங்கு, உங்க தொழில்ல டிரான்ஸ்பார்மர்னு ஒண்ணு இருக்கோல்லியோ? எந்த வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கணும்னு மின்வாரியத்துக்குத் தெரியறது, பெருமாளுக்குத் தெரியாதா?" என்றார். அப்புறம் விளக்கினார். அவதாரத்தில் தினுசு உண்டாம். ராமன், கிருஷ்ணன் என்று அவரே பிறந்து வருவது ஒன்று. ஏற்கெனவே பிறந்து வளர்ந்த ஒரு ஆளின் மேல், ஒரு காரியத்துக்காக வந்து ஆவேசிப்பது இன்னொன்று, பரசுராமர் அப்படித்தானாம். காரியம் முடிந்ததும் சக்தி விலகிவிடும், ஆள் நிற்பான். "அந்த நேரத்துல கோபம் மனுஷனோடதா, பெருமாளோடதான்னு கேட்டா, பாலையும் தண்ணியையும் கலந்தப்புறம் எது எதுன்னு கேக்கற மாதிரி. பிரிக்க முடியாது."

"பிரிக்க முடியாது என்றால் பாதி மன்னிப்பாவது கேட்கட்டும்" என்றேன்.

நியாயம்தானே?

தர்மகர்த்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. "கோதண்டம், நீ சொல்லுப்பா. சாமி வந்துச்சா, வரலையா?" கோதண்டம் வாயைத் திறந்தான். கனகவல்லி அவன் காலை மிதித்தாள், நான் பார்த்தேன். "சாமி வந்தவங்கிட்டயே சாமி வந்துச்சான்னு கேப்பாங்களா? தூங்கினவனை எழுப்பி, தூங்கும்போது என்ன பார்த்தேன்னு கேக்குற மாதிரி இருக்கு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எந்தத் தூணைத் தட்டுவானோ, தெரியலையேன்னு எல்லாத் தூணிலயும் காத்துக்கிட்டிருந்தாராம் பெருமாள். தட்டினது யாரு? நீதானே? தட்டின எடத்துலருந்து வந்துச்சு. அப்புறம் என்ன வழக்கு?"

நானும் சாமி கும்பிடுகிறவன்தான் சார். தூணில் இருப்பார், துரும்பில் இருப்பார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோதண்டத்துக்குள்ளா? அதற்கு ஒரு அளவு வேண்டாமா?

கடைசியில், பெருமாள் சார்பில் எனக்கு ஒரு மாலையும் தீர்த்தமும் சடாரியும் தருவதாகத் தீர்ப்பு சொன்னார்கள். மாலையை நான் தொடவில்லை. எழுந்து நின்று, இரணியன் குரலிலேயே சொன்னேன். "கோதண்டம் தன் வாயால், நான்தான் கடித்தேன், தப்பு என்று சொல்ல வேண்டும். சொல்லாதவரைக்கும் அவன் வாசற்படியை மிதிக்கமாட்டேன். கல்யாணத்துக்கும் அதேதான்."

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டுக் கைப்பிடித்து அழைத்து வராமல் பெண் மணவறை ஏறமாட்டாள். நிவேதாவுக்கு நான் ஒரே தாய்மாமன். பத்திரிகையில் பெயர் அடித்தாகிவிட்டது. கனகவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலம் நிவேதா போன் பண்ணினாள். "மாமா, நீங்க வரலன்னா நான் மணையில உக்காரவே மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அழுதாளா, லைன் சரியில்லையா என்று தெரியவில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் கொள்கை கொள்கைதானே?

பத்து நாள் போயிற்று. ஒரு மத்தியானம் கடையில் தனியாக உட்கார்ந்து ஒரு காயிலுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தேன். கோதண்டம் வந்து நின்றான். கவிழ்த்து வைத்திருந்த மோட்டார் மேல் உட்கார்ந்தான்.

"மச்சான்."

"என்னா, சாமி அனுப்பிச்சுதா?"

"நான்தான் மச்சான்."

"எது?"

"கடிச்சது. சாமி எல்லாம் வரலை. நான்தான் கடிச்சேன். கனகுக்குத் தெரியாம வந்திருக்கேன்." அவன் கையைப் பிசைந்தான். "சம்பந்தி எதிர்ல நீ பேசினது அத்தனையும் உள்ள கேட்டுச்சு. நிவேதா எழுந்து போனதைச் சாக்கு ஓட்டை வழியா பார்த்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போச்சு புள்ள. அதுக்கப்புறம் விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒன்னைக் கடிக்கணும்னு தோணிச்சு. கடிச்சேன். தெரிஞ்சேதான் கடிச்சேன். தப்புதான். மன்னிச்சிடு. ஊர்ல வந்து சொல்லச் சொன்னாலும் சொல்றேன். நீ கல்யாணத்துக்கு வந்துடு."

நான் கேட்டது இதைத்தானே சார்? வார்த்தைக்கு வார்த்தை இதுதானே? கேட்டதும் குளிர்ந்திருக்க வேண்டாமா? குளிரவில்லை சார்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் காஞ்சிபுரத்தில் இறங்கிப் போய்விடுவீர்கள், சொல்கிறேன்.

மடியில் கிடக்கும்போது அந்த முகத்தைக் கீழிருந்து பார்ப்பேன். வருஷா வருஷம் பார்க்கிற முகம்தான். கண் ஓட்டைக்குப் பின்னால் கோதண்டத்தின் கண் தெரியும். "சீக்கிரம் சாவு மச்சான், காலு மரத்துப்போச்சு" என்று கிசுகிசுப்பான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அதைத்தான் ஜனம் மரண வேதனை என்று நினைத்துக்கொள்ளும். இந்த வருஷம் பார்த்தேன். அந்தக் கண்ணில் என்னைத் தெரிந்தவர் யாருமே இல்லை சார். பல் இறங்குகிறது. வானம் செம்மண் நிறத்தில் இருக்கிறது. அப்போது என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. "கோவிந்தா."

இரணியன் சொல்கிற சொல்லா அது? அந்தப் பெயரைச் சொன்னதற்காகப் பெற்ற பிள்ளையை மலையிலிருந்து உருட்டியவன். பத்தொன்பது வருஷத்தில் அந்த வேஷத்தோடு ஒரு தடவைகூட நான் அப்படிச் சொன்னதில்லை. மேளச் சத்தத்தில் ஊருக்குக் கேட்கவில்லை. ஆனால் நான் சொன்ன நிமிஷம் பல் விட்டது. அந்த நிமிஷமே.

இப்போது இவன் வந்து சாமி வரவில்லை என்கிறான். அப்படியானால் நான் கோவிந்தா என்று யாரைக் கூப்பிட்டேன்? இந்தக் கோதண்டத்தையா? அரை எச்.பி.யையா?

இன்னொன்றும் இருக்கிறது. இரணியன் யார்? வைகுண்டத்து வாசல் காவல்காரன். சாபத்தில் கீழே வந்தவன். திரும்பிப் போக வேண்டுமென்றால் பெருமாள் கையால் சாக வேண்டும். கோதண்டம் கையால் செத்தால் எங்கே போகலாம்? செய்யாறு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகலாம்.

எழுந்து கடை ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டேன். "மெதுவாப் பேசு. என்ன ஒளர்றே?"

"ஒளறலை மச்சான். நான்தான்."

"நாலு பேரை மண்ணுல இழுத்தியே, ஒன்னால முடியுமா?"

"கோவத்துல முடிஞ்சுது."

"என்னைத் தூக்கினியே?"

"அதுவும் கோவம்தான்."

"சரி, எதுக்கு விட்டே? நல்லாக் கடிச்சுக்கிட்டிருந்தவன் சட்டுனு ஏன் விட்டே?"

அவன் யோசித்தான். "தெரியலை. நீ என்னமோ சொன்னே. விட்டுட்டேன்."

"என்ன சொன்னேன்?"

"சரியா காதுல விழலை. முனகின மாதிரி இருந்துச்சு."

எனக்கு உயிர் வந்தது சார்! "பார்த்தியா! பார்த்தியா! ஒனக்குக் கேக்கலை. ஆனா கேட்டு விட்டிருக்கு. அப்ப கேட்டது யாரு? நீ அங்க இல்லவே இல்ல மச்சான். இருந்திருந்தா ஒனக்குக் கேட்டிருக்கும்."

"நான் இருந்தேன் மச்சான். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு..."

"ஒனக்கு என்ன தெரியும்? தூங்கினவனுக்குத் தூக்கத்துல நடந்தது தெரியுமா? ஒன் பொண்டாட்டியே சொன்னா இல்ல?"

"பண்ணது நானு. பாவம் எனக்குத்தானே வரும். அதான் மன்னிப்பு..."

அந்த 'நானு' என்பதைக் கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "நீ யாருடா பண்றதுக்கு? பெருமாள் பண்ணதைப் போய் நான் பண்ணேன், நான் பண்ணேன்னு சொல்லிக்கிறியே, அப்படிச் சொன்னவன் யாரு தெரியுமா? இரணியன்! அது என் வேஷம்டா!"

அவன் பேந்தப் பேந்த விழித்தான். பாவமாக இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அப்ப கல்யாணத்துக்கு வர்றியா, இல்லையா?" என்றான்.

"வர்றேன். ஒரு கண்டிஷன். மன்னிப்புங்கிற வார்த்தை ஒன் வாயிலருந்து வரக்கூடாது. ஊர்லயோ, சம்பந்திகிட்டயோ, நான்தான் கடிச்சேன்னு எங்கயாவது நீ சொன்னதா காதுல விழுந்துச்சு, மணவறையில பாதியில மாலையைக் கழட்டி வெச்சுட்டுப் போயிடுவேன்."

"பொய் சொல்லச் சொல்றியே மச்சான்" என்றான். அழுகிற மாதிரி ஆகிவிட்டான். அவன் சுபாவம் அப்படி. மனதில் ஒன்று வைத்துக்கொள்ளத் தெரியாது. பட்டாச்சாரியாரிடம் போய் ஒப்புக்கொள்ளப் பார்த்திருக்கிறான். அவர் காதைப் பொத்திக்கொண்டு மடப்பள்ளிக்குள் போய்விட்டாராம். பெரிய மனுஷர். எதையும் சமாளிக்கத் தெரிந்தவர்.

அதனால்தான் சார் இப்போது எனக்கு நிம்மதியே இல்லை. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். தாய்மாமன் சீராக நான்தான் பட்டுப்புடவை எடுக்க வேண்டும், அதற்குத்தான் காஞ்சிபுரம் போகிறேன். நிறத்தைக் கோதண்டமே பார்த்துச் சொல்லட்டும் என்று அவனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. பெற்றவன் அவன், அவனுக்குத் தெரியாதா? அதோ, பின்னால், கடைசி சீட்டுக்கு முன் சீட்டு. பச்சைத் துண்டு. இடம் கிடைக்காமல் அங்கே உட்கார்ந்தான்.

மாமண்டூரில் பாதிக் கூட்டம் இறங்கிவிட்டதே. எழுந்து இங்கேதான் வருகிறான் பாருங்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சீட்டிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. வந்தால் முதலில் என் கட்டைப் பார்ப்பான். அப்புறம் உங்கள் முகத்தைப் பார்ப்பான். முகம் அப்படியே வாடிப்போகும், "நான்தான் சார்" என்று ஆரம்பிப்பான். நம்பிவிடாதீர்கள். சத்தியம்கூடப் பண்ணுவான். நல்லவன்தான், தங்கமானவன், ஆனால் அவன் அங்கே இல்லை.

கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் சார், மூன்று பேர் உட்காரலாம். அவனுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

வா மச்சான், வா. ஜன்னலோரம் உக்காரு. இந்த சாருக்கு எல்லாம் நான் சொல்லிட்டேன். நீ காத்து வாங்கிக்கிட்டு வா.